கொய்யாக் கிளைக்குள் ஒரு செம்புழு



மட்டக்களப்பு வாவியின் கரைகளில் வீடு கட்டிக் குடியிருக்கும் நம்மவர்கள், வளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இரண்டொரு மரங்களை வைக்காமல் இருப்பதில்லை. கிணற்றடியில் ஒரு கொய்யா, வாசலோரம் ஒரு மாதுளை, வேலியோரம் ஒரு முருங்கை, சற்று நிலமிருப்பவர் வீட்டில் மகளின் திருமணத்திற்கென வளர்த்துவரும் நாலைந்து தேக்கு அல்லது மஹோகனி மரங்கள். இவை நம் வீட்டுச் செலவில் பங்கெடுக்கும் சொத்துக்கள். இத்தகைய மரம் ஒன்றில், மற்ற கிளைகளெல்லாம் பச்சையாகச் செழித்து நிற்க, ஒரே ஒரு கிளை மட்டும் திடீரென வாடுவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். தண்ணீர் ஊற்றியும் பயனில்லை, எருவிட்டும் பயனில்லை. இலைகள் தொங்கிக் காய்ந்து, கச்சான் காற்று பலமாக வீசும் ஒரு மாலையில் அக்கிளை முறிந்து விழுந்துவிடும்.

அப்பொழுது வீட்டில் எழும் முதற் பேச்சு என்ன என்பது நமக்குத் தெரியும். "நாவூறு பட்டுவிட்டது" என்பார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. கிணற்றடிக் கொய்யாவின் பெரிய கிளையொன்று பிஞ்சும் காயுமாக வாடிப்போனது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் பக்கத்து வீட்டு மாமி வேலியருகே நின்று, "என்ன காய், என்ன காய்!" என்று வாய்விட்டுப் புகழ்ந்திருந்தார். என் உம்மாவின் மனதில் அச்சொல் முள்ளாகத் தைத்துவிட்டது. அன்று முதல் வேலிக்கு மேலாகப் போய்வந்துகொண்டிருந்த கறிக் கோப்பையும் பலகாரத் தட்டும் நின்றுபோயின. ஒரு மாதத்திற்கும் மேலாக இரு வீட்டாரும் முகம் பார்த்துப் பேசவில்லை.

பின்னர் ஒருநாள், முறிந்து கிடந்த கிளையை வாப்பா விறகுக்காகப் பிளந்தார். கிளையின் நடுவே, பென்சில் நுழையும் அளவில், செதுக்கிவைத்தாற்போல் வழவழப்பான ஒரு குழாய் நீண்டு சென்றது. அதன் முடிவில் ஏறக்குறைய இரண்டு அங்குல நீளமுள்ள, செங்கல் நிறமும் ஊதாவும் கலந்த ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது. வாப்பா உம்மாவை அழைத்து, "உன் மாமியின் நாவு இதோ கிடக்கிறது, பார்" என்றார். அன்று அஸருக்குப் பின் மரத்தில் மிஞ்சியிருந்த நல்ல பழங்களெல்லாம் ஒரு தட்டில் வேலியைக் கடந்து சென்றன.

அந்தப் புழுவைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

இது ஓர் அந்துப்பூச்சியின் குடம்பி. கோப்பிச் செடியின் தண்டைத் துளைப்பதாகவே முதலில் அறியப்பட்டதால், அறிவியலார் இதற்கு 'சியூசெரா கொஃபியே' என்று பெயர் வழங்குகின்றனர். நாம் செந்தண்டு துளைப்பான் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்பெயர் சூட்டப்பட்ட வரலாற்றில் நம் நாட்டிற்கே நேரடிப் பங்கு உண்டு. இலங்கையின் மலைநாட்டில் கோப்பித் தோட்டம் நடத்திய ஜெர்மானியரான நீட்னர் என்பவர், கோப்பி மரத்தின் பகைகளைப் பற்றி 1861 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இப்பூச்சியை விவரித்துப் பெயரிட்டார். அடுத்த எட்டு ஆண்டுகளில், அதாவது 1869 இல், கோப்பி இலைகளைத் தாக்கும் துரு நோய் இந்நாட்டில் தோன்றியது. காலப்போக்கில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அவற்றின் இடத்தில் தேயிலை பரவியது. ஆனால் செந்தண்டு துளைப்பான் கோப்பியோடு அழிந்துவிடவில்லை, தேயிலைக்கும் பழகிக்கொண்டது. கொக்கோ, கொய்யா, மாதுளை, சந்தனம், தேக்கு, மஹோகனி எனப் பல இன மரங்கள் இதற்கு உணவாகின்றன. இந்தியா முதல் தென்கிழக்காசிய நாடுகள் வரை இப்பூச்சி பரவியுள்ளது.

இனி இதன் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

பெண் அந்து இரவு நேரத்தில் மரப்பட்டையின் வெடிப்புகளிலும் காயங்களிலும் மஞ்சள் நிறமான சிறு முட்டைகளைச் சரஞ்சரமாக இடுகின்றது. ஒரு பூச்சி சில நூறு முட்டைகளை இடும். ஏறக்குறைய பத்து நாட்களில் அவை பொரிக்கின்றன. வெளிவரும் குஞ்சுப் புழுக்கள் சிறிது காலம் மெல்லிய நூல்வலை ஒன்றின் கீழ்க் கூட்டமாக இருந்துவிட்டு, பின்னர் ஒவ்வொன்றும் தன் வாயிலிருந்து பட்டுநூல் போன்ற இழையை விட்டு அதிலே தொங்குகின்றது. காற்று அந்த இழையோடு புழுவையும் தூக்கிச் சென்று பக்கத்துக் கிளையிலோ பக்கத்து வளவிலோ சேர்த்துவிடும். நூற்றுக்கணக்கில் புறப்பட்டவற்றில் மிகச் சிலவே உயிர் தப்புகின்றன. எறும்பு, சிலந்தி, குருவி, வெயில் எல்லாம் இவ்வழியில் காத்திருக்கின்றன.

தப்பிய புழு, இலைக்காம்பு கிளையோடு சேரும் மூலையையே தேர்ந்தெடுத்து உள்ளே நுழைகின்றது. அவ்விடத்தில் திசு மென்மையாக இருக்கும். நுழைந்த துளை ஊசிமுனை அளவினதாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. முதலில் சிறு கொப்புக்குள் வாழும் புழு, உடல் பருக்கப் பருக்க அவ்விடம் போதாமல் வெளியே வந்து, சற்றுப் பெரிய கிளையொன்றைத் துளைத்துக் குடியேறுகின்றது. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வீடு மாறுவதும் உண்டு. ஒரே புழுவினால் இரண்டு மூன்று கிளைகள் வாடுவதன் காரணம் இதுவே.

பெரிய கிளைக்குள் நுழைந்தபின் அது செய்யும் முதல் வேலைதான் மரத்திற்குப் பெருங்கேடு. பட்டைக்குக் கீழே கிளையைச் சுற்றி வளையமாக அரித்து விடுகின்றது. வேரிலிருந்து மேலேறும் நீரும், இலையிலிருந்து கீழிறங்கும் உணவும் அந்த வளையத்தில் தடைப்படுகின்றன. நாம் ஊற்றிய தண்ணீர் ஏன் பயன்படவில்லை என்பது இப்பொழுது விளங்கும். தண்ணீர் வேருக்குச் சென்றது. கிளைக்குச் செல்லும் வாய்க்கால் அறுந்திருந்தது. வளையம் வெட்டப்பட்ட இடத்தில் கிளை வலுவிழந்து நிற்பதால் சிறு காற்றுக்கும் முறிகின்றது.

அதன்பின் புழு கிளையின் நடுவில், நீளவாக்கில் குழாய் தோண்டிச் செல்கின்றது. இவ்வேலைக்கேற்ற உறுப்புக்கள் அதற்குண்டு. உறுதியான தாடைகள் மரத்தைக் கடித்தெடுக்கின்றன. தலைக்குப் பின்னால் கறுத்துக் கடினமான ஒரு கவசத்தகடு இருக்கின்றது. வயிற்றுப் பக்கத்துக் கால்களில் உள்ள நுண்ணிய கொளுக்கிகளால் குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு முன்னும் பின்னும் நகர்கின்றது. குழாயில் கழிவு சேர்ந்தால் வழியடைத்துவிடும் அல்லவா? ஆகவே சில இடங்களில் பட்டைவரை துளையிட்டு, கழிவுகளை வெளியே தள்ளிவிடுகின்றது. கடுகளவான, செம்மஞ்சள் அல்லது கபில நிறமான அந்த உருண்டைகள் மரத்தடியிலும் இலைகளின் மேலும் விழுந்து கிடக்கும். இளைஞர்களே, இவ்வுருண்டைகளை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்திற்குள் நடப்பதை வெளியே காட்டும் முதற் சாட்சி இவைதான். காலையில் முற்றம் கூட்டும் தாய்மார்கள் இவற்றைத் தினமும் காண்கின்றார்கள். மரத்தூள் என்று எண்ணிக் கூட்டித் தள்ளிவிடுகின்றார்கள்.

புழுவாக இப்பூச்சி கழிக்கும் காலம் இரண்டரை முதல் ஐந்து மாதம்வரை நீள்கின்றது. இலை தின்னும் மயிர்க்கொட்டிகள் பல சில வாரங்களிலேயே வளர்ந்து முடிந்துவிடும்போது இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம்? மரக்கட்டையில் உடலை வளர்க்கும் சத்து இலையில் உள்ளதைவிட மிகக் குறைவு. நிறையத் தின்றாலும் சிறிதே வளரமுடியும். குளிர் நாடுகளில் இந்தத் தாமதம் இன்னும் கூடுகின்றது. ஐரோப்பாவில் வாழும் இக்குடும்பத்துப் பெரிய அந்தொன்று, அலரி, ஓக் முதலான மரங்களின் உள்ளே மூன்று நான்கு ஆண்டுகள் புழுவாகவே இருக்கின்றது. அப்புழுவில் ஆட்டுக்கடாவின் நாற்றம் வீசுவதால் அங்குள்ளோர் அதனை 'ஆட்டு அந்து' என்றே அழைக்கின்றனர். அவுஸ்திரேலியாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இராட்சத மர அந்து, உலகிலேயே எடை கூடிய அந்துப்பூச்சியாகக் கருதப்படுகின்றது. பெண் பூச்சி முப்பது கிராம் வரை இருக்கும். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் இக்குடும்பத்துப் புழுக்கள் சிலவற்றை வேரிலிருந்து தோண்டியெடுத்து உணவாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. நமது செந்தண்டு துளைப்பான் இவர்களுக்கெல்லாம் சிறிய உறவினன்.

வளர்ச்சி முடிந்த புழு, கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன்னர் செய்யும் ஒரு காரியம் என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்தும். அந்தாக வெளிவரும்போது அதற்குத் தாடை இராது; மரத்தைக் கடித்துத் துளைக்க முடியாது. ஆகவே தாடை இருக்கும்போதே, வெளியேறும் வழியை வட்டமாக வெட்டி வைத்துவிடுகின்றது. ஆனால் முழுவதும் திறந்துவிடுவதில்லை. மெல்லிய பட்டைத் தகடொன்றைக் கதவுபோல் விட்டுவைக்கின்றது. பின்னர் குழாயினுள் சற்று உட்சென்று கூட்டுப்புழுவாகி, மூன்று முதல் ஐந்து வாரம் அசையாதிருக்கின்றது.

அக்காலம் முடிந்ததும், கூட்டுப்புழுவின் முதுகில் வரிசையாக உள்ள பின்னோக்கிய முட்கள் உதவுகின்றன. உடலை நெளித்து நெளித்து, முட்களைச் சுவரில் ஊன்றி, வாசலை நோக்கி முன்னேறி, கதவுத் தகட்டைத் தள்ளித் திறந்து, பாதி உடல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிலையில் தோல் வெடித்து அந்து வெளிப்படுகின்றது. வெறுமையான தோல், துளையில் செருகிய சுருட்டுத் துண்டு போல அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை ஒரு மரத்தில் கண்டீர்களாயின், அவ்வீட்டுக்காரர் போய்விட்டார் என்று பொருள்.

வெளிவரும் அந்து அழகானது என்பதை மறுக்கமுடியாது. வெண்மையான சிறகுகள், அவற்றில் கருநீலப் புள்ளிகள் மை தெறித்தாற்போல் நிறைந்திருக்கும். சிறகை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம். ஆண் பூச்சியின் உணர்கொம்பின் கீழ்ப்பாதி இறகுபோல் விரிந்திருக்கும். பெண் பூச்சி இருளில் வெளியிடும் மணத்தை அதன்மூலமே அது அறிந்து தேடிவரும். இஷாத் தொழுகை முடிந்து வரும்போது பள்ளிவாசல் முற்றத்து மின்குமிழைச் சுற்றும் பூச்சிகளிடையே இத்தகைய வெள்ளைப் புள்ளி அந்தையும் காண நேரலாம். உணவு உண்ணத்தக்க வாய் அதற்கில்லை. புழுப்பருவத்தில் சேர்த்து வைத்த சத்தைக் கொண்டே சில நாட்கள் பறந்து, இணைந்து, முட்டையிட்டு மடிந்துவிடும். மாதக்கணக்கில் இருளில் வாழ்ந்த உயிர் வெளியுலகைக் காண்பது இச்சில இரவுகளில்தான். நம் நாட்டின் வெப்பத்தில் இந்தச் சுற்று ஓராண்டில் இருமுறை நிகழ இடமுண்டு.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் அவசியம். மரத்தில் துளை கண்டவுடன் எல்லாம் இந்தப் புழுதான் என்று எண்ணிவிடக்கூடாது. தென்னையின் குருத்தைத் துளைப்பது காண்டாமிருக வண்டு. அதன் தண்டைக் குடைவது செவ்வண்டின் புழு. முந்திரிகை மரத்தின் அடித்தண்டைத் துளைத்துப் பிசின் வடியச் செய்வதும் ஒரு வண்டின் புழுவே. இவை அந்துகள் அல்ல. இவற்றிற்கான பரிகாரமும் வேறு. கிளை வாடுதல், துளை, கடுகு போன்ற உருண்டைக் கழிவு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் செந்தண்டு துளைப்பான் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

காயமில்லாத மரத்தையும் இப்பூச்சி தாக்கும் என்றாலும், காயம் அதற்கு வசதி செய்துகொடுக்கின்றது. இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் அந்து கேரளத்தின் தேக்கு மரங்களைத் துளைக்கின்றது. அங்கு வன ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தது என்னவென்றால், குடியிருப்புக்களுக்கு அருகே, மனிதர்கள் விறகுக்கும் தழைக்குமாகக் கிளைகளைக் கண்டபடி வெட்டிய மரங்களிலேயே இத்தாக்குதல் மிகுந்திருந்தது. நம் பகுதியிலும் ஆட்டுக்குக் குழை வெட்டும்போது கத்தியால் ஓங்கி ஒரு வெட்டு வெட்டி, மீதியைப் பிடித்து இழுத்துப் பட்டையோடு உரித்துவிடுகின்றோம். அந்த உரிந்த இடத்தின் வெடிப்புகள் முட்டையிடுவதற்கு மிகவும் ஏற்றவை. கூரிய வாளால் ஒரே சீராக அறுத்தால் காயம் விரைவில் மூடிக்கொள்ளும்.

வாவிக்கரைக் கண்டல் மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதியின் கடற்பேரழிவுக்குப் பின் கிழக்குக் கரையோரத்தில் கண்டல் நடும் பணிகளில் நமது இளைஞர்கள் பலரும் சேற்றில் இறங்கி உழைத்தார்கள். இதற்கு முன்னோடியாக வங்காளதேசம் 1966 ஆம் ஆண்டு முதலே கரையோரத்தில் கண்டல் காடுகளை வளர்த்து வந்துள்ளது. அங்கே மிகுதியாக நடப்பட்டது கேயோரா என்னும் ஒரே இனம். ஓரின மரமே கண்ணுக்கெட்டிய தூரம் நின்றபோது, செந்தண்டு துளைப்பானுக்கு மிக நெருங்கிய உறவான 'சியூசெரா கொன்ஃபெர்டா' என்னும் அந்து அம்மரங்களைப் பெருமளவில் துளைக்கத் தொடங்கியது. பல இனக் கண்டல்களைக் கலந்து நடவேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வீட்டு மரத்தில் புழு இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது?

வாடிய கொப்பைக் கண்டவுடன் காத்திருக்காதீர்கள். துளைகளில் மிகவும் கீழே உள்ளதைக் கண்டுபிடித்து, அதற்கும் கீழே, நல்ல கட்டை தெரியும்வரை அறுத்துவிடுங்கள். அறுத்த முகத்தின் நடுவில் குழாய் தெரிந்தால் இன்னும் கீழே அறுக்கவேண்டும். அறுத்த கிளையை வேலியோரம் எறிந்துவிடாதீர்கள். அதனுள் முதிர்ந்த புழு இருந்தால், வெட்டிய கிளைக்குள்ளேயே அது கூட்டுப்புழுவாகி அந்தாகப் பறந்துவிடக்கூடும். பிளந்து புழுவை எடுத்துவிடுங்கள். அல்லது அன்றே அடுப்பில் வையுங்கள்.

தடித்த தண்டு, அறுக்க மனமில்லை என்றால், துவிச்சக்கர வண்டியின் பழைய ஆரக்கம்பி ஒன்றின் நுனியைச் சிறிது வளைத்துத் துளைக்குள் செலுத்திப் பாருங்கள். பொறுமையுள்ள பிள்ளைகள் புழுவைக் குத்தி வெளியே எடுத்துவிடுவார்கள். பின்னர் துளையைக் களிமண்ணால் அடைத்துவிடலாம். மரங்கொத்தி வந்து கிளையைத் தட்டினால் கல்லெறிந்து துரத்தாதீர்கள். நீங்கள் கம்பியால் செய்வதை அது அலகினால் செய்கின்றது. சிறுகுளவிகள் சிலவும் இப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கின்றன.

நச்சு மருந்து பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும். துளைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றுவது நம்மிடையே பழைய வழக்கம். நானும் ஒருமுறை அளவு தெரியாமல் ஊற்றி, புழுவோடு ஒரு மாதுளைக் கன்றையும் இழந்திருக்கின்றேன். வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியில் மிஞ்சியதை மரத்தைச் சுற்றித் தெளிப்போரும் உள்ளனர். மேலே தெளிப்பது கட்டைக்குள் இருக்கும் புழுவைத் தொடுவதேயில்லை. அது போய்ச் சேருமிடம் வேறு. காத்தான்குடி போன்ற நமது ஊர்கள் மணல் நிலத்தில் அமைந்தவை, வீடுகள் நெருக்கமானவை, கிணறுகள் ஆழமற்றவை. மணலில் விழுந்தது மழையோடு கிணற்றுக்கும், அங்கிருந்து வாவிக்கும் இறங்கும். மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகிய கொடிய நஞ்சுகளை 1995 இலும், எண்டோசல்ஃபானை 1998 இலும் நமது நாடு தடைசெய்தது என்றால் அவற்றின் கேடு எத்தகையதாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஒரு கொய்யாமரத்துக்காக நச்சுப் போத்தலொன்றைப் பிள்ளைகள் நடமாடும் வீட்டில் வைத்திருக்கத் தேவையே இல்லை. தேக்கு, மஹோகனி போன்றவற்றைத் தோட்டமாக வளர்ப்பவர்கள், தாக்குதல் கூடினால், தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் புழுவையும் துளையுள்ள கிளையையும் கொண்டுசென்று காட்டி ஆலோசனை பெறலாம்.

கிளையை அறுத்த பிறகும் ஒரு வேலை இருக்கின்றது. மரத்தடியை நன்றாகக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த இரு வாரமும் காலையில் அங்கே பாருங்கள். புதிதாகச் செம்மஞ்சள் உருண்டைகள் விழுந்திருந்தால், நேர் மேலே அண்ணாந்து பார்த்து எந்தக் கிளையிலிருந்து அவை விழுகின்றன என்று தேடுங்கள். இன்னொரு புழு அங்கே இருக்கின்றது. உருண்டைகள் விழவில்லையாயின், சில வாரங்களில் அறுத்த இடத்தின் கீழே கொய்யா புதுத்தளிர் விடத் தொடங்கும். அத்தளிர்களில் உறுதியான ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள்.